குமட்டுது பாஸ்... மாத்திரையை நிறுத்திடலாமா?

செமஸ்டர் முடிஞ்சு, லீவும் முடிஞ்சு, மறுபடியும் ஹாஸ்டல் மெஸ் சாம்பாருக்கு வந்து சேர்ந்தாச்சா? சரி, இந்த வாரம் அரியர் பத்தியோ, பிளேஸ்மென்ட் பத்தியோ பேசப் போறதில்ல. வாந்தி பத்திப் பேசப் போறோம். உவ்வேன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா, உங்க ரூம்மேட்டுக்கோ, அம்மாவுக்கோ என்னிக்காவது ஒரு நாள் கை கொடுக்கும். கேரன்ட்டி!

வத்தலக்குண்டுல பஸ் ஏறி, காட் ரோடு வழியா பண்ணைக்காடு போயிருக்கீங்களா? கொடைக்கானல் போற ரோட்டுலயே ஏறி, ஊத்துல பிரிஞ்சு போகணும். கீழ்ப்பழனி மலை. வளைவுக்கு வளைவு வயித்துக்குள்ள ஒரு ராட்டினம் சுத்தும். ஜன்னல் சீட்டுக்கு அடிதடி நடக்குறது இயற்கையை ரசிக்கறதுக்கு இல்லங்க! ஒருத்தர் கையில எலுமிச்சம்பழம், இன்னொருத்தர் வாயில இஞ்சி மொரப்பா, மூணாவது ஆள் கையில பாலிதீன் கவர். நான் எப்பவுமே மூணாவது ஆள்.

அங்கேதான் என் அத்தை வீடு. ரெண்டு ஏக்கர் காபி. சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, நடு நடுவுல மலை வாழை, ஓரமா சௌசௌ பந்தல். டிசம்பர் லீவுன்னா அங்கே காபிப் பழம் பறிக்கிற சீசன். "ஓசியில ஒரு ஆளு கிடைச்சிட்டான்"னு மாமா எனக்கும் ஒரு கூடையைக் கட்டி விட்டுடுவார். அந்த நினைப்புலதான் போன டிசம்பர்ல போய் இறங்கினேன். வாசல்ல அத்தை இல்ல. உள்ளே ரெண்டு கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தாங்க.

மிளகு டப்பா ரகசியம்

அத்தைக்கு ஒரு வாரமா காய்ச்சல். முதல் அஞ்சு நாள் வழக்கம் போல, மெடிக்கல்ல சொல்லி வாங்கின காய்ச்சல் மாத்திரையிலயே ஓட்டியிருக்காங்க. இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். நம்ம ஊரு பஸ் மாதிரியே. அப்புறம் மாமா பிடிவாதமா கீழே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். அங்கே இருந்த டாக்டர் கெட்டிக்காரர். கையைப் பார்த்து, காலைப் பார்த்து, முழங்காலுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கருப்புப் பொருக்கைக் கண்டுபிடிச்சிட்டார். சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால யாருக்கும் தெரியாது. ரத்த டெஸ்ட்டும் எடுத்துட்டு, "ஸ்க்ரப் டைபஸ்"னு சொல்லிட்டார்.

அது என்னன்னு கேக்குறீங்களா? புதர்லயும் சருகுலயும் இருக்கிற ஒரு வகை உண்ணிப் பூச்சியோட குஞ்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாது. அது கடிச்சா 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி'ன்னு வாயில நுழையாத பேர்ல ஒரு பாக்டீரியா உடம்புக்குள்ள வந்துடும். கடிச்சு ஆறு நாள்ல இருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் ஆரம்பிக்கும். மழை முடிஞ்சு குளிர் தொடங்குற மாசங்கள்ல அதிகம். அதாவது, சரியா நம்ம காபி பறிப்பு சீசன்! 2025 ஜனவரியில தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையே இந்தக் காய்ச்சல் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. கவனிக்காம விட்டா நுரையீரல், கிட்னி, மூளைன்னு தாக்கி உயிருக்கே உலை வெக்கும். ஆனா சரியான ஆன்டிபயாட்டிக் சீக்கிரமே போட்டா, பெரும்பாலும் ரெண்டு நாள்லயே காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சிடும். அந்த மருந்து பேரு டாக்ஸிசைக்ளின். அத்தைக்குக் கொடுத்தது 100 மில்லிகிராம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாள். மொத்தம் 14 மாத்திரை.

நான் போனது ரெண்டாம் நாள் ராத்திரி. அத்தைக்குக் காய்ச்சல் 103. "மாத்திரை போட்டீங்களா அத்தை?"ன்னு கேட்டேன். "போட்டேன்ப்பா, போட்டேன்"னாங்க. எங்கேயோ இடிச்சுது. ராத்திரி ரசத்துக்கு மிளகு எடுக்கப் போன பாட்டி, "ஏப்பா, மிளகு டப்பாக்குள்ள என்னமோ மாத்திரை கெடக்கு"ன்னு கொண்டு வந்து நீட்டினாங்க.

நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே, கணக்குப் போட மாட்டோமா? ரெண்டு நாளைக்கு நாலு மாத்திரை போயிருக்கணும். மீதி 10 இருக்கணும். அட்டையில இருந்தது 12!

"உண்மையைச் சொல்லுங்க அத்தை."

அத்தை கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "முதல் நாளு ரெண்டும் போட்டேன்யா. நெஞ்செல்லாம் எரியுது, குமட்டுது, ரெண்டு தடவையும் வாந்தி. காய்ச்சலைக் கூடத் தாங்கிக்குவேன், இந்தக் குமட்டலைத் தாங்க முடியல. உங்க மாமா கிட்ட சொன்னா மறுபடி கீழே கூட்டிட்டுப் போவாரு. அந்தப் பஸ்ல இந்த உடம்போட நான் எப்படிப்பா போறது?"

யோசிச்சுப் பாருங்க. உயிரைக் காப்பாத்துற மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கு. வெறும் குமட்டலுக்குப் பயந்து அது மிளகோட மிளகா டப்பாக்குள்ள கிடக்கு!

டாக்டர் கேட்ட நாலு கேள்வி

மருந்துச் சீட்டுல இருந்த நம்பருக்குப் போன் அடிச்சேன். திட்டுவார்னு நெனச்சேன். திட்டல. "நல்ல வேளை இப்பவாவது சொன்னீங்க"ன்னு சொல்லிட்டு நாலே நாலு கேள்வி கேட்டார். எதைச் சாப்பிட்டுட்டுப் போட்டாங்க? எவ்வளவு தண்ணி குடிச்சாங்க? போட்ட பிறகு எப்போ படுத்தாங்க? கூட வேற என்ன மருந்து போட்டாங்க?

வைவாவுல கூட நான் இவ்வளவு திணறினதில்ல. அத்தை கிட்டக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பதில் எல்லாமே தப்பு! வெறும் வயித்துல போட்டிருக்காங்க. தண்ணிக்குப் பதிலா ரெண்டு வாய் பால் காபி. போட்ட உடனே கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தாச்சு. ராத்திரி மாத்திரைக்கு நெஞ்சு எரியுதுன்னு கூடவே வயித்துக்குக் குடிக்கிற ஜெல் ஒரு மூடி, ஏற்கனவே ரத்தசோகைக்குக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை ஒண்ணு. ஸ்கோர்: நாலுக்கு ஜீரோ.

இந்த நாலு கேள்விக்கும் பின்னாடி என்ன சயின்ஸ் இருக்குன்னு அப்புறம் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

கேள்வி 1: வயித்துல என்ன இருந்துச்சு?

ஆன்டிபயாட்டிக் போட்டா ஏன் குமட்டுது? சில மாத்திரைங்க இரைப்பையோட உள் சுவரை நேரடியா உறுத்தும். அங்கே இருக்கிற நரம்பு மூளைக்கு மிஸ்டு கால் கொடுக்கும். மூளைத் தண்டுல 'வாந்தி கன்ட்ரோல் ரூம்' ஒண்ணு இருக்கு. அது ரத்தத்துல கலந்து வர்ற மருந்தையும் மோப்பம் பிடிக்கும். ஏதோ விஷம் உள்ளே வந்துடுச்சுன்னு நெனச்சு, "வெளியே தள்ளு"ன்னு ஆர்டர் போட்டுடும். பாவம், அது நல்லதுக்குத்தான் செய்யுது!

எரித்ரோமைசின்னு ஒரு மருந்து இன்னும் ஒரு படி மேல. நம்ம குடல்ல 'மோட்டிலின்'னு ஒரு ஹார்மோன் இருக்கு. பசிச்சா வயித்துக்குள்ள கடமுடான்னு சத்தம் வருதே, அந்த அசைவைத் தூண்டுறது அதுதான். எரித்ரோமைசின் அந்த மோட்டிலினோட பூட்டுலயே கள்ளச்சாவி போட்டுத் திறந்துடும். வயிறு தேவையில்லாம முறுக்கும், பிசையும், குமட்டும். அதோட தம்பி அசித்ரோமைசின் கொஞ்சம் சாது. ஆனா முழுக்க சாது இல்ல.

அப்போ பஸ்ல வர்ற குமட்டல்? அது வேற ரூட். காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் கருவி "ஆடுறோம்"னு சொல்லும், கண்ணு "இல்லையே, சீட்லதானே உக்காந்திருக்கோம்"னு சொல்லும். ரெண்டு பேர் சண்டையில வயிறு மாட்டிக்கும். அதனாலதான் மலை ஏறும்போது போடுற வாந்தி மாத்திரையை ஆன்டிபயாட்டிக் குமட்டலுக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் போடக் கூடாது.

டாக்டர் சொன்ன வழி சிம்பிள். முதல்ல சாப்பாடு, அப்புறம் மாத்திரை. டாக்ஸிசைக்ளினை சாப்பாட்டோட போட்டா வயித்துக்கு இதமா இருக்கும். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை நம்ம ஹாஸ்டல்ல ரொம்ப ஃபேமஸ். அதைச் சாப்பிட உக்காரும்போதே, முதல் வாய்க்குப் போட்டா குமட்டல் குறையும். மெட்ரோனிடசோலையும் சாப்பிட்டுட்டே போடுங்க. அது வாயில ஒரு இரும்புத்துண்டைச் சப்புன மாதிரி ருசி கொடுக்கும், பயப்படாதீங்க, மருந்து நின்னா போயிடும். அந்த மாத்திரை போடுற நாள்கள்லயும், முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் 'பார்ட்டி' பக்கம் தலை வெக்கவே கூடாது. சாராயம் பட்டா வாந்தி பிடுங்கி எடுத்துடும்னுதான் மருந்து அட்டையிலயே எச்சரிக்கை இருக்கு.

ஆனா ஒண்ணு! எல்லா மாத்திரையும் சாப்பாட்டுக்குப் பிறகு கிடையாது. குளோக்ஸாசிலின், ஆம்பிசிலின், டிபி-க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் இதெல்லாம் வெறும் வயித்துலதான் நல்லா வேலை செய்யும். அதனால, "சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"ங்கிற கேள்வியை மெடிக்கல் கவுன்டர்லயே கேட்டுடுங்க. கேக்குறதுக்குக் காசு கிடையாது.

கேள்வி 2, 3: தண்ணி எவ்வளவு? படுத்தது எப்போ?

டாக்ஸிசைக்ளின் ஒரு கோவக்காரன். வயித்துக்குள்ள போகாம உணவுக் குழாய்லயே ஒட்டிக்கிட்டா, அந்த இடத்தையே புண்ணாக்கிடும். ரெண்டு வாய் காபியில முழுங்கிட்டுப் படுத்தா ஒட்டத்தான் செய்யும். அத்தைக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சது இதனாலதான். அதனால ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணி. உக்காந்து, இல்ல நின்னுக்கிட்டு முழுங்கணும். அப்புறம் குறைஞ்சது அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. ராத்திரி மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடாம, ராத்திரி சாப்பாட்டோடயே போட்டுடணும். உங்கள்ல யாராவது முகப்பருவுக்கு இந்த மாத்திரை போடுறீங்களா? உங்களுக்கும் இதே சட்டம்தான். வெயில்ல ரொம்ப அலையவும் கூடாது. தோல் சீக்கிரமே கன்னிப் போயிடும்.

கேள்வி 4: கூட யாரு வந்தா?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. ஏன்னா இது நம்ம சிலபஸ்ல இருக்கு!

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிக்கணும்னு ஈடிடிஏ-வைச் சொட்டுச் சொட்டா விடுவோமே. ஒயின் சிவப்பு, ஸ்டீல் நீலமா மாறுற வரைக்கும் கண்ணு வலிக்கப் பார்ப்போமே. அங்கே என்ன நடக்குது? தண்ணியில இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஈடிடிஏ நண்டு மாதிரி கவ்விக்குது. டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துங்களும் அதே மாதிரி நண்டுங்கதான்! கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு எது கிடைச்சாலும் கவ்விக்கும். கவ்விக்கிட்டா ரத்தத்துக்குள்ள போகாது, அப்படியே வெளியே போயிடும். இதே குணத்தாலதான் பல் முளைக்கிற வயசுல டெட்ராசைக்ளின் சாப்பிட்ட குழந்தைங்களுக்குப் பல்லுல கறை விழுது.

இப்போ அத்தையோட ராத்திரி மெனுவைப் பாருங்க. வயித்து ஜெல்லுல இருக்கிறது அலுமினியமும் மெக்னீசியமும். ரத்தசோகை மாத்திரையில இருக்கிறது இரும்பு. அதாவது, அந்த மாத்திரை வாந்தியில வராம இருந்திருந்தாலும் பாதிக்கு மேல வீணாப் போயிருக்கும்! குமட்டலுக்குன்னு நாம செய்யுற வைத்தியமே மருந்தைக் கொல்லுது பாருங்க.

டாக்டர் அந்த ஏழு நாளும் இரும்பு மாத்திரையை நிறுத்தி வெக்கச் சொன்னார். ஜெல்லு கட்டாயம் வேணும்னா ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி. பால், தயிர் டாக்ஸிசைக்ளினைக் கொஞ்சம்தான் குறைக்கும். ஆனா சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பால் பெரிய வில்லன். அமாக்ஸிசிலினுக்குத் தயிர் சாதம் நோ ப்ராப்ளம். ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு ஒரு ஸ்பெஷல் நோட்: இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை போடுறீங்கன்னா டாக்டர் கிட்ட மறக்காம அதைச் சொல்லுங்க.

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். இந்த மருந்துக் குடும்பத்தோட முதல் ஆள் ஆரியோமைசின். 1948-ல அமெரிக்காவுல லெடர்லே ஆய்வுக்கூடத்துல இருந்து வெளியே வந்துச்சு. மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிரியில இருந்து அதைப் பிரிச்சவர் பெஞ்சமின் டக்கர். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அப்போ ஆராய்ச்சி இயக்குநர் யாரு தெரியுமா? எல்லப்பிரகத சுப்பாராவ். பீமாவரத்துல பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர்! அந்தக் குடும்பத்துல பின்னாடி பிறந்ததுதான் டாக்ஸிசைக்ளின். இப்பவும் அது ரிட்டயர் ஆகல. ஸ்க்ரப் டைபஸ் முத்திப் போனவங்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியில கொடுத்தா, தனித்தனியாக் கொடுக்கறதை விட நல்லாக் கேக்குதுன்னு 2023-ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. செஞ்சது வெளியூர்க்காரங்க இல்ல. வேலூர் சி.எம்.சி. தலைமையில இந்திய ஆஸ்பத்திரிங்க. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

பாட்டி வைத்தியம் பாஸா, ஃபெயிலா?

போனை வெச்சதும் பாட்டி சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு இட்லி, இல்லேன்னா கெட்டிக் கஞ்சி. கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு தடவை. எண்ணெய்ப் பலகாரம் கட். தாளிக்கிற வாசனை வந்தாலே அத்தைக்குக் குமட்டுச்சு, அதனால கதவைச் சாத்திட்டு தாளிச்சாங்க. சூடு ஆறின சாப்பாட்டுல வாசனை குறைவு, குமட்டலும் குறைவு. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவுல சுக்குத் தட்டிப் போட்ட வரக்காப்பி, சொட்டுச் சொட்டா. இஞ்சி குமட்டலைக் குறைக்கும்னு ஆராய்ச்சிங்க இருக்கு, பெரும்பாலும் கர்ப்பிணிப் பெண்கள் கிட்டச் செஞ்சது. அதனால பாட்டிக்கு பாஸ் மார்க் உண்டு, சென்டம் கிடையாது. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க இஞ்சியை அளவுக்கு மேல எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கணும்.

வாந்தி ரெண்டு மூணு தடவை ஆயிட்டா முதல் வேலை தண்ணிச்சத்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பெருசு ஒண்ணு, கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். பாதிப் பாக்கெட் பாதி லிட்டர்னு கண்ணளவுல பிரிக்காதீங்க. மொத்தமாக் கலக்கி ஸ்பூன் ஸ்பூனாக் குடிங்க. 1971-ல வங்கதேசப் போர் அகதிகள் முகாம்ல, காலராவுக்கு ஏத்த சலைன் தீர்ந்து போனப்போ, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணியைக் கொடுத்துத்தான் ஏகப்பட்ட உயிரைக் காப்பாத்தினார். கடையில கலர் கலரா டப்பாவுல விக்குற ஜூஸ் எல்லாம் இது ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தோட அளவுல இல்லாத பானத்துக்கு 'ஓ.ஆர்.எஸ்.'ங்கிற பேரே போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டுச்சு.

"அண்ணே, ஒரு வாந்தி மாத்திரை!"

இதை மட்டும் செய்யாதீங்க ப்ளீஸ். டாம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் மாதிரி வாந்தி மாத்திரைங்க இதயத் துடிப்போட தாளத்தை மாத்தக் கூடியது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் இவங்களுக்கும் அதே கெட்ட பழக்கம் உண்டு. ரெண்டும் சேர்ந்தா சிலருக்குத் தாளம் தப்பிடலாம். மெட்டாகுளோப்ரமைடுன்னு இன்னொண்ணு இருக்கு. நம்ம வயசுப் பசங்களுக்கு அது சில சமயம் கழுத்தையும் தாடையையும் ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தா தாராளமாப் போடுங்க. நீங்களா வாங்கிப் போடாதீங்க.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி வந்துடுச்சா? மணியைக் குறிச்சு வெச்சுக்கிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அரை மணி நேரத்துக்குள்ளன்னா மறுபடி போடச் சொல்லலாம். ஆனா அதை அவர்தான் சொல்லணும். விட்டுப்போன மாத்திரையை ஈடு கட்டுறேன்னு ரெண்டா சேர்த்துப் போடவே கூடாது. என்ன செஞ்சும் குமட்டல் நிக்கலையா? வேற மருந்து மாத்தலாம். ஸ்க்ரப் டைபஸுக்கே டாக்ஸிசைக்ளின் ஒத்துக்காதவங்களுக்கு அசித்ரோமைசின் இருக்கு. ஆனா நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தானே டாக்டர் மாத்த முடியும்?

இன்னொரு விஷயம். எல்லா வாந்தியும் பக்க விளைவு கிடையாது. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தா அது அலர்ஜி. உடனே 108. கண்ணு மஞ்சளாச்சுன்னா, சிறுநீர் டீ டிகாஷன் கலர்ல போச்சுன்னா கல்லீரல் கதறுதுன்னு அர்த்தம். டிபி மாத்திரை சாப்பிடுறவங்க இதை ரொம்ப கவனிக்கணும். மலத்துல ரத்தம், ஒரு நாள் முழுக்க தண்ணி கூடத் தங்கலை, தலை சுத்தி விழுறாங்கன்னாலும் காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சாதாரண சந்தேகம்னா 104-க்குப் போன் போட்டுக் கேக்கலாம். பக்க விளைவைப் பதிவு பண்ணணும்னா 1800-180-3024-ங்கிற இலவச நம்பர் இருக்கு. நோயாளியே பேசலாம்.

ஹாஸ்டல் வாசிகளுக்கு ஒரு வார்த்தை

உங்க ஷெல்ஃபைத் திறந்து பாருங்க. போன வருஷம் போட்டுட்டு பாதியில விட்ட ஆன்டிபயாட்டிக் அட்டை ஒண்ணு கட்டாயம் இருக்கும். அதுல சிவப்புக் கோடு ஒண்ணு போட்டிருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமச் சாப்பிடாதேன்னு அர்த்தம். 2016-ல மத்திய சுகாதார அமைச்சகம் இதுக்காகத் தனியாப் பிரசாரமே செஞ்சுது. ஆனா நாம என்ன பண்றோம்? "மச்சி, தொண்டை வலி, ஏதாவது மாத்திரை இருக்கா?"ன்னு ஒருத்தன் கேட்டா, அந்த மீதி ரெண்டை எடுத்து நீட்டுவோம். சாதாரண சளி வைரஸால வர்றது. ஆன்டிபயாட்டிக் அதை ஒண்ணும் பண்ணாது. மிச்சம் கிடைக்கிறது குமட்டல் மட்டும்தான்! தேவையில்லாமப் போட்டதும், அரைகுறையாப் போட்டதும் சேர்ந்து கிருமிங்களுக்குத்தான் டியூஷன் எடுக்குது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால உலகத்துல 2019-ல மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொல்லுது.

அப்போ குமட்டலைத் தவிர்க்கிறதுக்கு முதல் வழி என்ன? தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கைப் போடாம இருக்கறது. ரெண்டாவது வழி? தேவையான ஆன்டிபயாட்டிக்கை ஒழுங்காப் போடுறது. அவ்ளோதான் சாமி!

சரி, அத்தைக்கு என்னாச்சு?

அன்னிக்கு ராத்திரியே ரெண்டு இட்லி, ஒரு மாத்திரை, ஒரு பெரிய சொம்புத் தண்ணி. அப்புறம் படுக்க விடாம நானும் மாமாவும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சுப் பேச்சுக் கொடுத்தோம். என் செமஸ்டர் மார்க்கைப் பத்தி அத்தை கேட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான் குமட்டுச்சு!

வாந்தி வரல. கொஞ்சம் வயித்தைப் பெரட்டுச்சு, அவ்வளவுதான். அன்னியில இருந்து ஏழு நாள் புதுசா எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். மாமா கீழே போய் மீதி ரெண்டு மாத்திரையை வாங்கிட்டு வந்தார். காலண்டர்ல ஒவ்வொரு மாத்திரைக்கும் பாட்டி ஒரு கரிக்கோடு போட்டாங்க. மூணாம் நாள் கம்பளி ஒண்ணு குறைஞ்சுது. நாலாம் நாள் அத்தை வாசலுக்கு வந்து, "என்னடா மாப்ள, இன்னும் ஒரு கூடை கூட ரொம்பலையா?"ன்னு என்னைக் கிண்டல் பண்ணாங்க. அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியல.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு அத்தை ஒரு மஞ்சப்பையில காபித்தூளும் மலை வாழைப்பழமும் கட்டிக் கொடுத்தாங்க. "அன்னிக்கு ஏன் அத்தை ஒளிச்சு வெச்சீங்க? எங்க கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். "குமட்டுதுன்னு சொன்னா சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கறேன்னு நெனப்பீங்கன்னு இருந்தேன்"னாங்க.

இந்த ஒரு வரிக்காகத்தான் ஃப்ரெண்ட்ஸ் இவ்வளவு எழுதினேன். நம்ம வீட்டுல நிறையப் பேர் இப்படித்தான். கஷ்டத்தைச் சொல்ல மாட்டாங்க, மாத்திரையை மட்டும் ஒளிச்சு வெப்பாங்க. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, "மாத்திரை போட்டீங்களா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "போட்டா எப்படி இருக்கு? ஒத்துக்குதா?"ன்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

அப்புறம் ஒரு விஷயம். திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது. இஞ்சி மொரப்பா வாயில, எலுமிச்சம்பழம் கையில. இருந்தும் மூணாவது வளைவுலயே பாலிதீன் கவரைத் தேடினேன். அடுத்தவங்களுக்கு அட்வைஸ் பண்றது ஈஸி பாஸ்!

அடுத்த வாரம் சந்திப்போமா? டாட்டா!